மணம் வருமுன்னே அமையும் வழி: பழ ஈயின் மூளையில் நுகர்ச்சிச் சுற்றுகள்

பழ ஈயின் மூளையில் மணத்தை உணரும் நரம்புச் சுற்று எவ்வாறு உருவாகிறது என்பதைப் பற்றிய ஆய்வுகளை நெடுநாளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் புரதங்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகின்றன. அந்தப் பெயர்கள் முக்கியமானவைதாம். ஆயினும் எந்த நியூரான் (நரம்புச் செல்) எதனோடு இணைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில், எது முதலில் நடக்கிறது, எது அடுத்து நடக்கிறது என்ற கால வரிசைக்கும் அந்தப் புரதங்களுக்கு உள்ள அளவு பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வளர்ந்த ஈயின் நிலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஈயின் நுகரும் உறுப்புகள் இரண்டு இணைகளாக உள்ளன. தலையின் முன்புறம் உணர்கொம்புகளும், வாய்க்கு அருகில் தாடை உணர்நீட்சிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 1,300 மண உணர் நியூரான்கள் உண்டு. அவை ஏறத்தாழ 50 வகைகளாகப் பிரிகின்றன. ஒரே வகையைச் சேர்ந்தவை உணர்கொம்பின் பரப்பில் விலகி விலகி அமைந்திருந்தாலும், அவற்றின் ஆக்சான்கள் (செய்தியை எடுத்துச் செல்லும் நீண்ட இழைகள்) அனைத்தும் மூளையின் முன்பகுதியில் உள்ள உணர்கொம்பு மடலுக்குள் வந்து, குளோமெருலஸ் எனப்படும் உருண்டையான முடிச்சுகளுள் தமக்கென்று உள்ள ஒன்றில் மட்டுமே கூடுகின்றன. அந்த முடிச்சில் அவற்றிடமிருந்து செய்தியைப் பெற்று மூளையின் உட்பகுதிக்கு எடுத்துச் செல்பவை கடத்து நியூரான்கள். பெரும்பாலான கடத்து நியூரான்கள் ஒவ்வொன்றும் தன் டென்ட்ரைட்டை (செய்தியைப் பெறும் கிளையை) ஒரே ஒரு முடிச்சுக்குள் மட்டும் பரப்புகின்றன. ஆக, உணர் நியூரான்களிலும் கடத்து நியூரான்களிலும் ஐம்பது ஐம்பது வகைகள் வந்து, ஜோடி மாறாமல் சேர வேண்டும். எந்த ஈயை எடுத்துப் பார்த்தாலும் இந்த வரைபடம் ஒன்றுபோலவே இருக்கிறது.

இந்தச் சிறு பூச்சியின் நுகர்ச்சியை மரபணு வழியாக ஆராயலாம் என்று முதலில் கண்டவர்களுள், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970களின் இறுதியில் பணியாற்றிய ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரொட்ரீக்சும் அடங்குவர். மணத்தை உணராத, அல்லது தவறாக உணரும் திரிபு ஈக்களை அவர்கள் தேடிப் பிரித்தெடுத்தார்கள். மணத்தைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான மண ஏற்பிகளின் மரபணுக்களே அறியப்படாத காலம் அது. அந்த மரபணுக்கள் ஈயில் கண்டறியப்பட்டது 1999இல்தான். அவர்களது தொடக்கத்தை நினைவுகூராமல் இந்தத் துறையைப் பற்றிப் பேசுவது முறையாகாது என்று கருதுகிறேன்.

ஏற்பிகள் கண்டறியப்பட்டதும் இயல்பாக எழுந்த கேள்வி, ஆக்சானைச் சரியான முடிச்சுக்கு அழைத்துச் செல்வதும் ஏற்பியே தானா என்பது. எலியில் அப்படித்தான் நடக்கிறது. எலியின் மண உணர் நியூரானில் ஏற்பியின் மரபணுவை மாற்றி வைத்தால், ஆக்சான் சென்று சேரும் இடமும் மாறிவிடுகிறது. ஈயிலும் அதுவே நடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமானதே. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஏற்பியை முற்றிலும் நீக்கிய ஈயில், அந்த நியூரான்கள் மணத்துக்கு மறுமொழி தராமல் போனாலும், அவற்றின் ஆக்சான்கள் வழக்கமான அதே முடிச்சுக்குத் தவறாமல் சென்று சேர்ந்தன. காரணம் கால வரிசையிலேயே இருக்கிறது. ஈயின் கூட்டுப்புழுப் பருவம் ஏறத்தாழ நான்கு நாட்கள் நீடிக்கிறது. அதன் முதற்பாதிக்குள் ஆக்சான்கள் தம் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகின்றன. பெரும்பாலான ஏற்பி மரபணுக்கள் செயற்படத் தொடங்குவது அதற்குப் பிறகே. எதை நுகர்வது என்ற கருவி பொருத்தப்படும் முன்பே, நுகர்ந்ததை எங்கே அனுப்புவது என்பது முடிவாகிவிடுகிறது. வளர்ந்த ஈயில் ஒரு வகை உணர் நியூரான்களை அழித்துவிட்டாலும், பக்கத்து முடிச்சுகளின் நியூரான்கள் அந்த வெற்றிடத்தை ஆக்கிரமிப்பதில்லை. இந்தச் சுற்றின் அடிப்படை அமைப்பு அனுபவத்தால் செதுக்கப்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் முதலில் முடிவு செய்வது யார்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1999இல் சூமின் லீயும் லிக்குன் லுவோவும் ஒரு முறையை வெளியிட்டனர். செல் பிரியும் தருணத்தில் சிறிது நேரம் வெப்பம் கொடுத்தால், பிரிந்து வரும் இரு மகள் செல்களுள் ஒன்றில் ஒளிர்வைத் தடுக்கும் மரபணு இல்லாமற்போய்விடும். அந்த ஒன்றும் அதன் வழித்தோன்றல்களும் மட்டும் பச்சையாக ஒளிரும். இதன் பயன், ஒரு நியூரான் எந்தத் தாய்ச் செல்லிலிருந்து, எந்த வேளையில் பிறந்தது என்பதை முன்பே குறித்து வைத்து, அது வளர்ந்தபின் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடிவதுதான். 2001இல் லுவோவின் ஆய்வகத்தில் கிரெகரி ஜெஃபரிசும் உடன் பணியாற்றியோரும் இந்த முறையைக் கடத்து நியூரான்களின்மேல் பயன்படுத்தினர். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழுவுக்கு வெப்பம் கொடுத்து, அது முழு ஈயாக வளர்ந்தபின் மூளையை எடுத்துப் பார்த்தால், முன்-மேற்புறக் கால்வழியை (ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிறந்தவற்றின் தொடரை)ச் சேர்ந்த ஒற்றை நியூரான் ஒன்று ஒளிர்ந்து நிற்கும். அது எப்போதும் டிஎல்1 என்ற முடிச்சுக்கு உரிய நியூரானாகவே இருக்கும்.

அந்த ஒற்றை நியூரானைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதன் செல் உடல் மடலின் மேல்விளிம்பில் இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஓர் இழை உள்ளே இறங்குகிறது. அந்த இழையிலிருந்து ஒரு கிளை பிரிந்து டிஎல்1 முடிச்சுக்குள் புகுந்து, அதன் உட்பகுதி முழுவதையும் நுண்ணிய கிளைகளால் நிரப்பி, முடிச்சின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அடுத்த முடிச்சுக்குள் ஓர் இழைகூட நீள்வதில்லை. மறுபுறம், ஆக்சான் மூளையின் பின்பகுதியை நோக்கி ஏறி, காளான் உடலத்தின் மேற்பகுதியில் சில குறுங்கிளைகளை விட்டு, பின் பக்கவாட்டில் திரும்பிப் பக்கக் கொம்பு எனப்படும் பகுதியில் முடிகிறது. அங்கே அது கிளைக்கும் விதமும் ஈக்கு ஈ மாறுவதில்லை. வெப்பம் கொடுக்கும் வேளையைத் தள்ளிப்போட்டால் ஒளிரும் நியூரான் வேறு முடிச்சுக்கு உரியதாகிறது. பிற்பாடு அந்த ஒரே கால்வழியை முழுமையாக ஆராய்ந்தபோது, ஒரு தாய்ச் செல்லிலிருந்து 40 வகை நியூரான்கள் மாறாத வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன என்று 2010இல் தெரியவந்தது. பிறந்த வேளையே அந்த நியூரானின் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

கால்வழியும் அதேபோல முக்கியம். முன்-மேற்புறக் கால்வழியில் ஏசிஜே6 என்ற மரபணு ஒழுங்குப் புரதமும், பக்கவாட்டுக் கால்வழியில் டிரிஃப்டர் என்ற புரதமும் செயற்படுகின்றன. இந்த இரு கால்வழிகளுக்கும் உரிய முடிச்சுகள் மடலில் இரு தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து நிற்பதில்லை. ஒன்றுக்கிடையே ஒன்றாகக் கலந்தே கிடக்கின்றன. அப்படியிருந்தும், பக்கவாட்டுக் கால்வழியில் ஏசிஜே6ஐச் செயற்பட வைத்தால், டென்ட்ரைட்டுகள் தம் வழக்கமான இடங்களை விட்டு மற்றக் கால்வழியின் முடிச்சுகளை நோக்கிச் செல்லக் காண்கிறோம். பிறப்பு நியூரானுக்குத் தரும் அடையாளம் இந்தப் புரதங்களின் வழியாகவே டென்ட்ரைட்டின் நடத்தையாக மாறுகிறது.

அடுத்த கட்டம் கூட்டுப்புழுப் பருவத்தின் தொடக்கத்தில் நடக்கிறது. புழுவாக இருந்தபோதும் அதற்கு நுகர்ச்சி உண்டு. பக்கத்துக்கு 21 உணர் நியூரான்கள் மட்டுமே கொண்ட சிறிய அமைப்பு அது. ஈயாக உருமாறும்போது அந்தப் பழைய அமைப்பு கலைக்கப்படுகிறது. புதிய மடல் அதன் அருகிலேயே, சற்று மேலும் பக்கவாட்டிலும் எழுகிறது. கூடு கட்டிய முதல் சில மணி நேரத்திலேயே கடத்து நியூரான்களின் டென்ட்ரைட்டுகள் விரியத் தொடங்குகின்றன. உயிருள்ள மூளையை வெளியே எடுத்து வளர்த்துத் தொடர்ந்து படம் பிடித்தவர்கள், டென்ட்ரைட் முதலில் பல திசைகளிலும் கிளைகளை நீட்டுவதையும், பின்னர் உரிய திசையில் உள்ளவற்றை மட்டும் நிலைநிறுத்திக்கொண்டு மற்றவற்றை இழப்பதையும் கண்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 18 மணி நேரம் ஆகும்போது ஒவ்வொரு வகையும் மடலில் தனக்குரிய பகுதியை ஓரளவு பிடித்துவிடுகிறது. உணர்கொம்பிலிருந்து ஆக்சான்கள் மடலின் விளிம்பை எட்டுவதே அப்போதுதான். ஜெஃபரிசும் அவர் குழுவினரும் இந்தக் கால வேறுபாட்டை 2004இல் காட்டினார்கள். செய்தியை அனுப்புபவை வந்து சேரும் முன்பே, பெறுபவை வரைபடத்தின் முதல் வடிவத்தைப் போட்டு முடித்திருக்கின்றன.

இந்த முதல் வரைபடத்துக்குத் திசை காட்டுவது எது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை அழகானது. டென்ட்ரைட்டுகளின் மேற்பரப்பில் செமாஃபோரின்-1ஏ என்ற புரதம் ஏற்ற இறக்கமாக அமைந்திருக்கிறது. மடலின் மேல்-வெளிப்பகுதிக்குச் செல்லும் நியூரான்களில் அது மிகுதி. கீழ்-உட்பகுதிக்குச் செல்பவற்றில் குறைவு. ஒரு நியூரானில் மட்டும் அதை நீக்கினால், அதன் டென்ட்ரைட் கீழ்-உட்புறமாக இடம் பெயர்ந்துவிடுகிறது. எதிர்த்திசையில் சுரக்கப்படும் செமாஃபோரின்-2ஏ, 2பி என்னும் இரு புரதங்கள் கீழ்-உட்பகுதியில் செறிந்து நின்று, செமாஃபோரின்-1ஏ மிகுதியாக உள்ள டென்ட்ரைட்டுகளை விலக்குகின்றன. அந்த இரண்டையும் அங்கே வைத்தது எது என்று 2011இல் தேடியபோது, அழிந்துகொண்டிருக்கும் புழுவின் பழைய உணர் ஆக்சான்களே அவற்றைத் தருகின்றன என்று தெரிந்தது. கலைந்து போகும் பழைய சுற்று, தான் மறையும் வேளையில் புதிய சுற்றுக்குத் திசை கொடுத்துவிட்டுப் போகிறது. பழையது ஒரு நாள் முன்னதாகவே மறைந்திருந்தால் அந்தத் திசைக்குறிப்பு கிடைத்திருக்காது. இந்தப் பகுதியை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

மண உணர் நியூரான்கள் பல வகைகளாகப் பிரியும் முறையைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். உணர்கொம்பில் எந்த வகை மண மயிர் தோன்ற வேண்டும் என்பதை ஏட்டோனல், ஏமோஸ் போன்ற மரபணுக்கள் முடிவு செய்கின்றன. ஒரே மயிருக்குள் இருக்கும் உடன்பிறந்த நியூரான்கள், நாட்ச் என்னும் சமிக்ஞை கிடைத்தவை, கிடைக்காதவை என இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஏற்பிகளையும் வெவ்வேறு இலக்குகளையும் பெறுகின்றன.

ஆக்சான்களின் பயணத்தை மட்டும் விரிவாகப் பார்க்க வேண்டும். ஐம்பது முடிச்சுகள் ஒரு கன உருவத்துக்குள் நாலாபுறமும் அடுக்கப்பட்டிருக்க, ஓர் ஆக்சான் அவற்றுள் ஒன்றை எப்படித் தேடிப் பிடிக்கிறது? அண்மையில் லுவோவின் ஆய்வகம் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. வளரும் வேளையில் ஆக்சான்கள் மடலின் உட்புறத்துக்குள் நுழைந்து அலைவதில்லை. அவை மடலின் மேற்பரப்பை ஒட்டியே நகர்கின்றன. ஒவ்வொரு வகையும் அந்தப் பரப்பில் தனக்கென்று உள்ள ஒரு வில் வடிவப் பாதையில் செல்கிறது. அந்தப் பாதை, அதன் ஜோடியின் டென்ட்ரைட் காத்திருக்கும் இடத்தைச் சரியாகக் கடந்து போகிறது. வளர்ந்த பின்னர் மடலின் நடுவில் புதைந்து கிடக்கும் முடிச்சுகளின் ஜோடிகளும்கூட முதலில் சந்திப்பது மேற்பரப்பில்தான். பாதையை மாற்றினால் ஜோடி சேர்வது பழுதுபடுகிறது. ஓர் ஊர் முழுவதும் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு திரிவதற்கும், ஒரே தெருவில் நடந்துகொண்டே இருபக்கமும் பார்த்து வருவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஐம்பதில் ஒன்றைத் தேட வேண்டிய ஆக்சானுக்கு, தன் பாதையில் எதிர்ப்படும் சிலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதுமானதாகிறது. டென்ட்ரைட்டுகள் முன்கூட்டியே இடம் பிடித்திருக்காவிட்டால் இந்த எளிமை கிடைத்திருக்காது.

தாடை உணர்நீட்சியிலிருந்து புறப்படும் ஆக்சான்களின் நிலையும் இதையே காட்டுகிறது. அவை உணர்கொம்பின் ஆக்சான்களுக்குப் பின்னரே மடலுக்கு வருகின்றன. முன்னதாக வந்தவை தம் மேற்பரப்பில் செமாஃபோரின்-1ஏவைத் தாங்கி நின்று, பின்னால் வருபவற்றைத் தம் பகுதிக்குள் நுழையாதபடி விலக்குகின்றன. சற்று முன் டென்ட்ரைட்டில் திசையைப் பெறும் ஏற்பியாக வேலை செய்த அதே புரதம், இங்கே பிறருக்கு அறிவிக்கும் குறியாக வேலை செய்கிறது. குறைந்த எண்ணிக்கையிலான புரதங்களைக் கொண்டு இவ்வளவு நுட்பமான வரைபடத்தை எவ்வாறு அமைக்க முடிகிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: ஒரே புரதம் வேறு வேளையில், வேறு செல்லில், வேறு பணியைச் செய்கிறது.

இறுதியாக, அருகருகே நிற்கும் ஆக்சானும் டென்ட்ரைட்டும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். நரம்பு இழைகள் தத்தம் வேதியியல் அடையாளங்களால் இணைகளைக் கண்டுகொள்கின்றன என்ற கருதுகோளை ரோஜர் ஸ்பெரி 1963இல் வகுத்து வெளியிட்டார். ஈயின் மடலில் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகக் கிடைத்தவை டென்யூரின்கள் என்னும் மேற்பரப்புப் புரதங்கள். டென்-எம், டென்-ஏ என்ற இரண்டும் தம் இனத்தையே பற்றிக்கொள்பவை. இவற்றுள் ஒன்று ஆக்சானில் மிகுதியாக இருந்தால், அதன் ஜோடியான டென்ட்ரைட்டிலும் அதுவே மிகுதியாக இருக்கும். இந்த அளவை மாற்றினால் ஜோடிகள் தவறிப் போகின்றன என்று 2012இல் காட்டப்பட்டது. ஆனால் ஒன்றிரண்டு புரதங்களை மட்டும் மாற்றும்போது பெரும்பாலும் ஒரு பகுதி நியூரான்களே வழி தவறின. மற்றவை எப்படியோ சரியாகவே சேர்ந்தன. இதனால், ஸ்பெரியின் கருதுகோள் போதாதோ என்ற ஐயம் நீண்ட காலம் இருந்தது.

அந்த ஐயத்தைத் தீர்த்தது, அதே ஆய்வகம் அண்மையில் செய்த வேறொரு சோதனை. ஆண் ஈயின் பாலின மணமான 11-சிஸ்-வாக்செனைல் அசிட்டேட்டை உணரும் நியூரான்கள் டிஏ1 என்ற முடிச்சுக்குச் செல்கின்றன. ஆண் ஈ மற்றோர் ஆணிடம் காதல் நடத்தை காட்டாமல் தடுப்பது அந்த வழி. அந்த உணர் நியூரான்களில் ஒரே நேரத்தில் பல மேற்பரப்புப் புரதங்களின் அளவை மாற்றினார்கள். ஜோடியை ஈர்ப்பவை சில, ஜோடியல்லாதவற்றை விலக்குபவை சில என இரு தரத்தையும் சேர்த்து மாற்றியபோது, அவற்றின் இணைப்பு ஏறத்தாழ முழுமையாகவே, காதல் நடத்தையைத் தூண்டும் வேறொரு கடத்து நியூரான் வகைக்கு இடம் மாறியது. விளைவாக, ஆண் ஈக்கள் ஆண்களையே நாடுவது வெகுவாகக் கூடியது. மூலக்கூறு, இணைப்பு, நடத்தை ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துக் காட்டிய சோதனை இது. தனித்தனியாகப் பார்த்தபோது வலுவற்றவையாகத் தோன்றிய குறிகள், கூட்டாகச் செயற்படும்போது தீர்மானமானவையாகின்றன.

இந்தக் குறிகள் எப்போதும் வேண்டியவையும் அல்ல. 2017இல் தனித்தனிக் கடத்து நியூரான்களில் செயற்படும் மரபணுக்களை அளந்தபோது, வகைகளுக்கிடையிலான வேறுபாடு இணைப்பு அமையும் காலத்தில் மிகுந்தும், ஈ வளர்ந்தபின் வெகுவாகக் குறைந்தும் காணப்பட்டது. வளர்ந்த ஈயில் இந்த நியூரான்களை வேறுபடுத்துவது பெரும்பாலும் அவற்றின் இணைப்பு மட்டுமே. வளர்ந்த மூளையை மட்டும் ஆராய்ந்து அது எப்படி உருவானது என்று ஊகிப்பவர்கள், இதனால்தான் முக்கியமானவற்றைத் தவறவிட நேர்கிறது.

கடத்து நியூரானின் மறுமுனையில் நிலைமை வேறு. அதன் ஆக்சான் சென்று சேரும் இரண்டு இடங்களுள், பிறவியிலேயே அமைந்த நடத்தைகளோடு தொடர்புடைய பக்கக் கொம்பில் கிளைகள் ஒழுங்கு மாறாதவை. மண நினைவுகள் உருவாகும் காளான் உடலத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை. அங்கே ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 2,000 கென்யான் செல்கள் (காளான் உடலத்தின் நியூரான்கள்) இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழு உள்ளீடுகளைப் பெறுகிறது. அந்த ஏழும் எந்தெந்த முடிச்சுகளிலிருந்து வருகின்றன என்பதில் ஒழுங்கு எதையும் காண முடியவில்லை என்று 2013இல் ரிச்சர்ட் ஆக்சலின் ஆய்வகம் காட்டியது. கென்யான் செல்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த பிற்கால ஆய்வு ஒன்றில், ஒரு கென்யான் செல் பெறும் உள்ளீடுகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. மாறாகக் கடத்து நியூரான்களே தம் ஆக்சான் முனைகளைக் கூட்டியும் குறைத்தும் ஈடுகொடுத்தன. பிறந்த வேளையால் தன் முடிச்சு நிர்ணயிக்கப்பட்டு, டென்ட்ரைட்டை ஓர் இழைகூட எல்லை தாண்டவிடாத அதே நியூரான், ஆக்சானின் முனையில் எத்தனை செல்கள் எதிர்ப்படுகின்றனவோ அத்தனைக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஒரே செல்லின் இரு முனைகளில் இவ்வளவு வேறுபட்ட இரு விதிகள் எவ்வாறு ஒருங்கே நடைமுறைக்கு வருகின்றன என்பதே, இனி வரும் ஆய்வுகளில் நான் முதலில் தேடி வாசிக்கப்போவது.